மறுவிநியோகத் தடையுள்ள கம்பைலரை நம் லினக்ஸ் வழங்கலில் சேர்க்க முறையான வழி எது?

கேள்வி: தக்கலைத் தன்னார்வலர்

அனைவருக்கும் வணக்கம். டெபியன் என்ற லினக்ஸ் இயக்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு, பள்ளி மற்றும் பாலிடெக்னிக் கணினிக்கூடங்களுக்காக நாங்கள் சிலர் ஓய்வு நேரத்தில் பராமரித்துவரும் சிறிய லினக்ஸ் வழங்கலில் (இயக்குதளமும் மென்பொருள்களும் சேர்ந்த தொகுப்பு) ஒரு பொதியை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருளை, சேர்ப்பது குறித்து உங்கள் ஆலோசனையைக் கேட்கிறேன். எங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவர் எவரும் இல்லை, சட்ட ஆலோசகரும் இல்லை. ஆகவே பின்னால் சிக்கல் வந்தால் அதைத் தாங்கும் நிலையில் நாங்கள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாங்கள் உதவிவரும் சில கூடங்களில் பிக் 16எஃப்877ஏ சில்லு பொருத்திய பயிற்சிப் பலகைகள் இருக்கின்றன. நாற்பது கால்கள், 8 கே சொற்கள் கொண்ட ஃபிளாஷ் நினைவகம், 368 பைட் ரேம் என்ற அந்தப் பழைய சில்லில்தான் மாணவர்கள் முதன்முதலில் ஒரு எல்இடி விளக்கை எரியவிட்டு அணைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பாடக் குறிப்புகள் அனைத்தும் ஒரு தனியார் நிறுவனத்தின் சி கம்பைலரை (சி மொழி நிரலைச் சில்லுக்குப் புரியும் குறியீடாக மாற்றும் மென்பொருள்) வைத்தே எழுதப்பட்டிருப்பதால், அதையும் எங்கள் வழங்கலோடு சேர்த்துத் தருமாறு ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, உரிம வாசகமே முக்கியம். கம்பைலருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பெற்றவர் அதை வேறு எவருக்கும் மறுவிநியோகம் செய்யக் கூடாது, நிறுவுபவர் ஒவ்வொருவரும் உரிமத்தைத் தாமே படித்து ஒப்புக்கொள்ள வேண்டும், கோப்புகளில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது, குறிப்பிட்ட வகைச் சில்லுகளுக்கான நிரல்களை உருவாக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது.

யாரும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள் அல்லாதவற்றுக்கான நான்-ஃப்ரீ பிரிவில் அப்படியே வைத்துவிடலாம் என்கிறார் எங்கள் குழுவில் ஒருவர். நிறுவும்போது நிறுவனத்தின் தளத்திலிருந்து தானாகப் பதிவிறக்கிக்கொள்ளும் ஒரு சிறு பொதியைக் கான்ட்ரிப் பிரிவில் (தான் கட்டற்றதாக இருந்தும் கட்டற்றதல்லாத மென்பொருளைச் சார்ந்திருக்கும் பொதிகளுக்கானது) வைக்கலாம் என்கிறார் இன்னொருவர். இரண்டாவது யோசனைக்கு நடைமுறையில் ஒரு தடை இருக்கிறது. மலைப்பக்கம் பேச்சிப்பாறையை ஒட்டிய ஊர்களிலும், கடற்கரையோரச் சில ஊர்களிலும், மழைக்காலத்தில் இணைய இணைப்பை நம்ப முடியாது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளும் உண்டு என்பதால் அந்தக் காலமும் நீண்டது. எனவே ஒரு வன்தட்டில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய், கூடத்தில் உள்ள கணினிகளில் வரிசையாக நிறுவிவிட்டு வருவதே எங்கள் வழக்கம். இந்த நிலையில் உரிமத்துக்கும் மாணவருக்கும் நேர்மையாக நடந்துகொள்ள என்ன வழி இருக்கிறது?

மறுமொழி: வேளிமலை

வணக்கம் தம்பி. முதலில் நான்-ஃப்ரீ என்ற பிரிவைப் பற்றித் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் அது எதையும் போட்டுவைக்கலாம் என்ற இடம் அல்ல. டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிமுறைகளுக்கு ஒத்துவராத மென்பொருள் அங்கே வைக்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் அதை மறுவிநியோகம் செய்யும் உரிமையாவது டெபியனுக்கும் அதன் மிரர்களுக்கும் (மென்பொருள் களஞ்சியத்தின் நகலை வழங்கும் சர்வர்கள்) இருக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச நிபந்தனை. அந்த உரிமையே இல்லாத மென்பொருளுக்கு நான்-ஃப்ரீயிலும் இடம் கிடையாது. ஆகவே உங்கள் நண்பர் சொல்லும் முதல் வழி முழுவதுமாக அடைபட்டுவிடுகிறது.

ஒரு களஞ்சியத்தில் கோப்பை ஏற்றுபவர் ஒருவராக இருக்கலாம். ஆனால் விநியோகிப்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. அந்தக் களஞ்சியத்தின் மிரரைத் தம் கல்லூரியிலோ அலுவலகத்திலோ நடத்துபவர், அதிலிருந்து ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் முழுக் கோப்பு) உருவாக்குபவர், அந்த ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதி அடுத்த பள்ளிக்குக் கொடுக்கும் ஆசிரியர் என எல்லோருமே விநியோகிப்பவர்கள். நாம் சேர்த்த ஒரு கோப்பினால் அவர்கள் எல்லோரும் தங்களுக்குத் தெரியாமலே ஓர் ஒப்பந்தத்தை மீறியவர்கள் ஆகிவிடுகிறார்கள். நம்மை நம்பி வட்டு இடமும் அலைவரிசையும் இலவசமாகத் தருபவர்களை அந்த நிலையில் நிறுத்த நமக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது வழி சட்டப்படி சரியானது, ஆனால் பொறியியல் நோக்கில் பலவீனமானது. பொதியை நிறுவும்போது ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் நிரல் இணையத்திலிருந்து கோப்பை எடுத்து விரித்தால், அப்படி வந்த கோப்புகள் எவை என்பது டெபியனின் பொதி மேலாளரான டிபிகேஜிக்குத் தெரியாது. பொதியை நீக்கும்போது அவற்றை நீக்கும் பொறுப்பும் நம் நிரலின் தலையில்தான் விழும். நிறுவனம் ஒரு நாள் கோப்பின் முகவரியை மாற்றினாலோ, அதே முகவரியில் புதிய பதிப்பை வைத்தாலோ, நாம் எழுதிவைத்த செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் மதிப்பு) பொருந்தாமல் நிறுவல் பாதியில் நின்றுவிடும். பாதியில் நின்ற பொதி ஒன்று இருந்தால் அந்தக் கணினியில் அடுத்தடுத்த மேம்படுத்தல்களின்போதும் பிழைச் செய்தி வந்துகொண்டே இருக்கும். கணினிக்கூடத்தில் முப்பது மாணவர்களை வைத்துக்கொண்டு நிற்கும் ஆசிரியருக்கு அதைவிடத் தொல்லை வேறு இல்லை.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி. ஜென்டூ என்ற இன்னொரு லினக்ஸ் வழங்கலில் இதற்காகவே 'ஃபெட்ச்' என்ற கட்டுப்பாடு இருக்கிறது. அதைக் குறித்துவைத்த பொதியை நிறுவ முயன்றால், எந்தக் கோப்பை எங்கிருந்து பெற்று எந்த அடைவில் வைக்க வேண்டும் என்று மட்டும் அது சொல்லிவிட்டு நின்றுவிடும். பயனர் தாமே தளத்துக்குச் சென்று, உரிமத்தை ஏற்று, கோப்பைப் பெற்று அங்கே வைத்த பிறகுதான் வேலை தொடரும். டெபியனிலும் ஜாவாவுக்காக, கான்ட்ரிப் பிரிவில், ஜாவா-பேக்கேஜ் என்ற கருவி இருந்தது. பயனர் தாமே பதிவிறக்கிய ஜாவாக் கோப்பை அதன் மேக்-ஜேபிகேஜி கட்டளைக்குக் கொடுத்தால், அவருடைய கணினியிலேயே ஒரு டெப் பொதியை அது கட்டிக் கொடுக்கும். அப்படிக் கட்டிய பொதியில் உள்ள ஒவ்வொரு கோப்பும் டிபிகேஜிக்குத் தெரியும் என்பதால், நிறுவுவதும் நீக்குவதும் சுத்தமாக நடக்கும். நாம் விநியோகிப்பது சமையல் குறிப்பை மட்டுமே. அரிசியும் பருப்பும் அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டியவை.

இதில் ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். இத்தகைய கம்பைலர்களின் நிறுவி நிரல்கள் பலவற்றில், கேள்வி எதுவும் கேட்காமல் நிறுவிக்கொள்ளும் ஒரு வசதி இருக்கும். அதைப் பயன்படுத்தினால் உரிமத்துக்கு 'ஆம்' என்ற பதிலும் அதனோடே சேர்ந்து போய்விடும். உங்கள் நிரல் அந்த வசதியைத் தொடவே கூடாது. உரிம வாசகம் திரையில் முழுதாக வர வேண்டும், பயனரின் விரல்தான் அதற்கு ஒப்புதல் அளிக்க வேண்டும். அவர் சார்பில் நாம் ஒப்புக்கொண்டால், அந்த ஒப்புதலுக்கு எந்த மதிப்பும் இல்லை.

மாற்றம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையையும் மறந்துவிடாதீர்கள். நிறுவியின் உள்ளிருக்கும் கோப்புகளைப் பிரித்து வேறு அடைவுகளில் அடுக்குவதுகூட மாற்றமாகக் கருதப்படக்கூடும் என்பதால், நிறுவி எந்த அமைப்பில் வைக்கிறதோ அதே அமைப்பிலேயே விட்டுவிட்டு, கட்டளைப் பாதையில் ஒரு சிம்லிங்க் (அசல் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) மட்டும் போடுவது நல்லது.

மறுமொழி: முட்டம் கலங்கரை

இவ்வளவு சுற்றி வருவதற்குப் பதிலாக அந்த நிறுவனத்துக்கே ஒரு கடிதம் எழுதி அனுமதி கேட்கலாமே? கிராமப்புறப் பள்ளிகளுக்காகக் கட்டணமில்லாமல் செய்கிற வேலை என்று விளக்கிச் சொன்னால், 'உங்கள் வழங்கலில் சேர்த்துக்கொள்ளலாம்' என்று எழுத்தில் தர அவர்கள் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அவர்களுக்கும் நாளைய பொறியாளர்கள் தங்கள் சில்லில் பழகுவது நன்மைதானே. கடிதம் கையில் இருந்தால் வன்தட்டுப் பிரச்சினையும் தீர்ந்துவிடும்.

மறுமொழி: குழித்துறை ஆறு

கலங்கரை அவர்கள் சொல்வது நல்ல எண்ணத்தில் வந்த யோசனை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் டெபியன் நெறிமுறைகளின் எட்டாவது விதி இதைத்தான் எதிர்பார்த்து எழுதப்பட்டிருக்கிறது: ஒரு மென்பொருளோடு வரும் உரிமைகள், அது டெபியனின் ஒரு பகுதியாக இருப்பதைச் சார்ந்திருக்கக் கூடாது. நம் பெயருக்கு எழுதப்பட்ட கடிதம் நம்மோடு நின்றுவிடும். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளப் பள்ளிகளில் அம்மாநில அரசின் கைட் அமைப்பு தரும் உபுண்டு சார்ந்த இயக்குதளம் இயங்குகிறது. அந்தப் பக்கத்து நண்பர்கள் நாளை நம் வழங்கலை எடுத்து மலையாளத்துக்கு மாற்ற விரும்பினால், அவர்களுக்கு அந்தக் கடிதம் எந்த விதத்திலும் பயன்படாது. நம்முடைய வேலையின் மேல் இன்னொருவர் தடையின்றிக் கட்டியெழுப்ப முடிய வேண்டும் என்பதற்காகத்தானே நாம் இதைச் செய்கிறோம்?

அனுமதியின் பேரில் நிற்கும் பொதிக்கு என்ன நேரும் என்பதற்கு ஜாவாவின் வரலாறு ஒரு நல்ல பாடம். 2006 மே மாதத்தில், ஜாவா மொழியை உருவாக்கிய சன் நிறுவனம், லினக்ஸ் வழங்கல்களுக்கென்றே டிஎல்ஜே என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஓர் உரிமத்தை வெளியிட்டது. அதன்படி சன் ஜாவா டெபியனின் நான்-ஃப்ரீ பிரிவுக்குள் வந்தது, உபுண்டுவிலும் வந்தது. பயனர்கள் ஒரே கட்டளையில் ஜாவாவைப் பெற்றார்கள், எல்லோருக்கும் மகிழ்ச்சி. சன்னை ஆரக்கிள் வாங்கிய பிறகு, 2011 ஆகஸ்டில் அந்த உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஏற்கெனவே கொடுத்த பழைய பதிப்புகள் களஞ்சியத்தில் கிடந்தன. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களுடன் வந்த புதிய பதிப்புகளை வழங்கும் உரிமை வழங்கல்களிடம் இல்லை. ஓட்டை இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் அதை அடைத்த பதிப்பைப் பயனருக்குக் கொடுக்க முடியாத அந்த நிலையில், 2011 டிசம்பரில் உபுண்டு, பயனர்களின் கணினிகளில் இருந்த ஜாவா உலாவிச் செருகுநிரலை முடக்குவதாகவும் பின்னர் அந்தப் பொதிகளையே நீக்கப்போவதாகவும் அறிவிக்க வேண்டியதாயிற்று. டெபியனும் அவற்றை நீக்கியது.

அந்த நேரத்தில் பயனர்கள் நடுத்தெருவில் நிற்காமல் தப்பியதற்குக் காரணம் ஜாவாவின் கட்டற்ற வடிவமான ஓபன்ஜேடிகே. 2006 நவம்பரிலும் 2007 மேயிலுமாகச் சன் நிறுவனமே ஜாவாவின் பெரும்பகுதியை ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் திறந்துவிட்டது. எஞ்சிய மூடிய துண்டுகளை 2007 ஜூனில் ரெட் ஹாட் தொடங்கிய ஐஸ்ட்டீ திட்டம் மாற்றி எழுதி நிரப்பியது. நிலைத்து நின்றது இந்தக் கட்டற்ற வடிவம்தான். ஐந்து ஆண்டுகள் எளிமையாகத் தோன்றிய அனுமதி ஓர் அறிவிப்போடு முடிந்துபோயிற்று. ஆகவே கடிதம் எழுதுவதாக இருந்தால், நமக்கு மட்டும் சலுகை கேட்டு எழுத வேண்டாம். யார் வேண்டுமானாலும் மாற்றமின்றி மறுவிநியோகம் செய்யலாம் என்று உரிமத்தையே திருத்துமாறு கேட்டு எழுதுங்கள், கையெழுத்திட நானும் வருகிறேன்.

மறுமொழி: தக்கலைத் தன்னார்வலர்

வேளிமலை அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. கடித யோசனையைக் குழித்துறை ஆறு சொன்ன வடிவத்தில் எங்கள் குழுவில் முன்வைக்கிறேன். மேக்-ஜேபிகேஜி பாணியில் ஒரு கருவியை எழுதுவதும் எங்களால் முடியும். ஆனால் வன்தட்டு பற்றிய கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. நான் என் வீட்டில் முறைப்படி பதிவிறக்கிய கோப்பை வன்தட்டில் கொண்டுபோய், இணைப்பு இல்லாத ஒரு பள்ளியில் அந்தக் கருவிக்குக் கொடுக்கலாமா? பதிப்புரிமைச் சட்டத்தில் சொந்தப் பயன்பாட்டுக்கு விலக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மறுமொழி: ஆரல்வாய்மொழிக் காற்று

அந்த விலக்கு உண்மையில் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 52(1) பிரிவின் (ஏடி) உட்பிரிவில், ஒருவர் தாம் சட்டப்படி பெற்ற கணினி நிரலின் பிரதியிலிருந்து, வணிக நோக்கமற்ற சொந்தப் பயன்பாட்டுக்காகப் பிரதி எடுப்பதையோ தழுவி அமைப்பதையோ மீறலாகக் கருதுவதில்லை. அதற்கு முந்தைய (ஏஏ) உட்பிரிவு, சட்டப்படி வைத்திருப்பவர் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் இரண்டிலும் மையமாக இருப்பவர் அந்தப் பிரதியைப் பெற்றவர்தான். நீங்கள் பெற்ற பிரதியை உங்கள் மடிக்கணினியிலும் மேசைக் கணினியிலும் போட்டுக்கொள்ளலாம் என்று வாதிட இடம் இருக்கிறது. அதையே வேறொரு பள்ளியின் கணினிகளில் போட்டுவிட்டு வருவதைச் சொந்தப் பயன்பாடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. உரிம வாசகம் மறுவிநியோகம் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லும்போது, அதைப் பள்ளிக்காகச் செய்தோம், பணம் வாங்கவில்லை என்பது நம் நோக்கத்தைக் காட்டுமே தவிர, உரிமையைத் தராது.

ஆகவே கோப்பைப் பெறுபவர் பள்ளியாக இருக்கட்டும். ஆசிரியரோ கணினிக்கூடப் பொறுப்பாளரோ இணைப்பு நன்றாக இருக்கும் ஓர் இடத்தில், அது மார்த்தாண்டத்தில் உள்ள அவர் வீடாகவும் இருக்கலாம், பள்ளியின் பேரில் தாமே தளத்தில் உரிமத்தை ஏற்றுக் கோப்பைப் பதிவிறக்கி, பள்ளியின் பென் டிரைவில் வைத்துக்கொள்ளட்டும். உங்கள் வன்தட்டில் கருவியும், எதிர்பார்க்கும் கோப்பின் பெயரும், ஷா-256 செக்சம் மதிப்பும் இருந்தால் போதும். நீங்கள் அங்கே போகும் நாளில் அவர் பென் டிரைவைச் செருகுவார். கருவி கோப்பைச் சரிபார்த்துப் பொதியைக் கட்டும். அதற்கு முன்பாக, ஒரே நிறுவனத்துக்குள் எத்தனை கணினிகளில் நிறுவலாம் என்று உரிமத்தில் இருக்கும் பத்தியை அவரோடு உட்கார்ந்து படியுங்கள். ஒரு பயனர், ஒரு கணினி என்று அதில் எழுதியிருந்தால், கட்டிய பொதியைக் கூடத்துக் கணினிகளுக்குப் பரப்புவதும் தவறாகிவிடும்.

கட்டி முடித்த அந்த டெப் பொதி தவறிப்போய்க்கூட உங்கள் வன்தட்டுக்குத் திரும்பி வராதபடி, அதை எழுதும் அடைவைப் பள்ளிக் கணினிக்குள்ளேயே அமைத்துவிடுங்கள்.

மறுமொழி: வேளிமலை

ஆரல்வாய்மொழியார் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். இனி நான் சொல்ல வருவது, இந்தக் கம்பைலரே தேவைதானா என்பதைப் பற்றி.

எஸ்டிசிசி என்ற ஜிபிஎல் கம்பைலர் சிறிய சில்லுகளுக்கென்றே எழுதப்பட்டது. அதில் பிக் சில்லுகளுக்கான பிரிவும் இருக்கிறது; 16எஃப்877ஏ அதன் பட்டியலிலேயே உண்டு. ஆனால் அங்கேயும் இதே உரிமச் சிக்கல் ஒரு சிறிய அளவில் இருக்கிறது. கம்பைலர் கட்டற்றதாக இருந்தாலும், ஒவ்வொரு பிக் சில்லின் பதிவகங்களை (சில்லின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு இடங்கள்) வரையறுக்கும் ஹெடர் கோப்புகளும் நூலகங்களும் பிக் சில்லுகளைத் தயாரிக்கும் மைக்ரோசிப்பின் கோப்புகளிலிருந்து உருவாக்கப்பட்டவை. அவற்றை அந்நிறுவனத்தின் சில்லுகளோடு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை அவற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. எதற்குப் பயன்படுத்துவது என்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் நிபந்தனை டெபியன் நெறிமுறைகளின் ஆறாவது விதிக்கு முரணானது. எஸ்டிசிசி குழுவினர் இதை மறைக்கவில்லை. அந்தக் கோப்புகளை 'நான்-ஃப்ரீ' என்று பெயரிட்ட தனி அடைவில் வைத்து, அதே பெயரில் ஒரு சுவிட்சைக் கட்டளையில் கொடுத்தால் மட்டுமே கம்பைலர் அங்கே தேடும்படி செய்திருக்கிறார்கள். அதைக் கொடுக்காவிட்டால் மாணவர் எழுதிய முதல் வரியிலேயே, சில்லின் ஹெடர் கோப்பைக் காணவில்லை என்று நின்றுவிடும். டெபியன் அந்த அடைவை நீக்கிவிட்டே எஸ்டிசிசியை வெளியிடுகிறது. தம் மென்பொருளில் எது கட்டற்றது, எது அல்ல என்பதை அடைவின் பெயரிலேயே சொல்லிவிடும் அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது; உங்கள் கருவியின் விளக்கக் கோப்பிலும் அதே தெளிவு இருக்கட்டும்.

பழைய பலகைகளை இன்னும் சில காலம் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், அசெம்பிளி மொழியில் கற்பிக்கும் பாடங்களுக்கு ஜிபியுடில்ஸ் என்ற கருவித் தொகுப்பு இருக்கிறது, அது டெபியனின் கட்டற்ற மென்பொருளுக்கான முதன்மைப் பிரிவிலேயே கிடைக்கும். சி பாடங்களுக்கு நீங்கள் எழுதப்போகும் கருவி உதவட்டும். ஆனால் கூடத்துக்கு அடுத்த முறை பலகைகள் வாங்கும்போது ஏவிஆர் சில்லு உள்ளவற்றை வாங்குமாறு ஆசிரியர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். அர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையில் இருப்பது அந்தக் குடும்பத்தின் ஏடிமெகா328பி சில்லுதான். ஜிசிசி-ஏவிஆர் (கம்பைலர்), ஏவிஆர்-லிப்சி (நூலகம்), ஏவிஆர்டியூட் (சில்லில் நிரலை ஏற்றும் கருவி) ஆகிய மூன்றும் டெபியனின் முதன்மைப் பிரிவில் இருப்பதால், அவற்றை நீங்கள் தயக்கமின்றி ஐஎஸ்ஓவுக்குள்ளேயே வைத்துவிடலாம். பேச்சிப்பாறையில் மழை பெய்து இணைப்பு போனாலும் பாடம் நடக்கும். மாணவர் அதைப் பென் டிரைவில் வீட்டுக்கும் கொண்டுபோகலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பாடக் குறிப்புகளை ஏவிஆருக்கு மாற்றி எழுதுவதுதான் உண்மையான வேலை. எல்இடி, பொத்தான், ஏழு துண்டுக் காட்சி, ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி), யூஆர்ட் (தொடர்நிலைத் தகவல் பரிமாற்றப் பகுதி) என்ற வரிசையில் பயிற்சிகளைப் பிரித்துக்கொண்டால், இங்கே இருக்கும் நாமே ஆளுக்கொன்றாக எழுதி முடிக்க முடியும். ஏடிசியையும் யூஆர்ட்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பழைய குறிப்புகளைப் பொதுவில் ஏற்றுவதற்கு முன், அவற்றை எழுதிய ஆசிரியரிடம் எந்த உரிமத்தில் வெளியிட விரும்புகிறார் என்று கேட்டு, அவர் பதிலையும் கோப்பின் தலைப்பில் எழுதிவிடுங்கள்.